ரைட்டர் மாமாவின் கட்சி

எங்கள் ஊரில் ராஜாஜி ஆரம்பித்த சுதந்திராக் கட்சிக்கு ஒரு காலத்தில் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பதிவு ஆபீசுக்கு எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் ஒரு பெஞ்சு, ஒரு சாய்வு மேசை, மூங்கில் தூணில் ஆணியடித்து மாட்டிய ராஜாஜி படம். அவ்வளவுதான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர்தான் கட்சியின் ஊர்ச் செயலாளர். பொருளாளரும் அவர்தான், பேச்சாளரும் அவர்தான். சில கூட்டங்களுக்கு வந்த ஒரே ஆளும் அவர்தான் என்று என் அப்பா கேலி செய்வார். என் அம்மாவுக்கு மூத்த அண்ணன். ஊருக்கு ரைட்டர் பிள்ளை, எங்களுக்குப் பெரிய மாமா.

மாமாவின் பேத்தி பெங்களூரில் சட்டம் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தவள், "மாமா, தாத்தா ஜமீன்தார் கட்சியாமே?" என்று கேட்டாள். இல்லையென்றும் சொல்ல முடியவில்லை, ஆமாமென்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கட்சியில் மன்னர்களும் ஜமீன்தார்களும் ஆலை முதலாளிகளும் இருந்தது உண்மை. ஆனால் மாமாவிடம் இருந்தது பன்னிரண்டு மா நஞ்சை. எங்கள் பக்கத்துக் கணக்குத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆக, மாமாவுடையது நாலு ஏக்கர். அதுவும் குடமுருட்டிப் பாசனத்தில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், மேட்டு வாட்டம். ஜமீன்தார் என்று சொன்னால் அவரே சிரித்திருப்பார்.

கணக்குப்பிள்ளை வம்சம். தாத்தா கர்ணம். மூத்த பிள்ளையான மாமாவுக்குத்தான் அந்த வேலை வந்திருக்க வேண்டும். ஜமாபந்தி என்கிற வருஷக் கணக்குத் தணிக்கையின்போது ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு முன்னால் தன் அப்பா கைகட்டி நின்றதைச் சின்ன வயதில் பார்த்தவர், எனக்கு வேண்டாம் என்று தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அடங்கலும் சிட்டாவும் வீட்டிலேயே புழங்கிய குடும்பம். சர்வே நம்பரைச் சொன்னால் அது யார் வயல், எந்த மடை, வழியில் எந்த மரம் என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பத்திரம் எழுதுவது தானாக வந்தது.

அவர் எப்படி எழுதுவார் என்று சொன்னால்தான் அவருடைய அரசியல் புரியும். விற்க வந்தவர் மடியிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்து நீட்டுவார். மாமா அதைப் பிரிக்கவே மாட்டார். வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "கண்ண மூடிக்க. உன் வயல்ல நிக்கிற. கிழக்கப் பாத்து நில்லு. எதுக்க என்ன?" என்பார்.

அந்த ஆளும் கண்ணை மூடிக்கொள்வார். சிலர் காலைக்கூட லேசாக நகர்த்திக்கொள்வார்கள், சேற்றில் நிற்கிற மாதிரி.

"மணியக்காரர் வயலு வரப்புங்க."

"வடக்கால?"

"கண்ணி வாய்க்கா."

"வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு பூவரசு இருக்கே, அது யாருது?"

அங்கேதான் ஆள் திணறுவார். அந்த ஒரு மரத்துக்காக அரை மணி நேரம் போகும். பக்கத்து வயல்காரருக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவரச் சொன்னதும் உண்டு. நாலு பக்கமும் வாயால் சொல்லி முடித்த பிறகுதான் மூலப்பத்திரத்தைப் பிரிப்பார். ஆள் சொன்னதும் காகிதத்தில் இருப்பதும் எங்கே ஒத்துவரவில்லையோ, அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அடமானம் தெரியும், ஜப்தி தெரியும், இது தெரியாது என்பார். பள்ளிக்கூட லீவில் அவருக்கு மையொற்றும் தாள் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அந்தப் புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். பிற்பாடு கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் பிரிவில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பத்திரம் பார்த்தபோதும் என் கை முதலில் நாலெல்லைக்குத்தான் போகும்.

எழுதி முடித்ததும் உரக்கப் படிப்பார். மாவடை மரவடை, நடைபாதை, வண்டிப்பாதை, நீர்ப்பாய்ச்சல் உள்பட என்று ஆரம்பித்து, புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்கிற இடம் வரும்போது குரல் கொஞ்சம் உயரும். கைநாட்டு வைக்கிறவராக இருந்தால் இரண்டு தடவை படிப்பார். அதற்கு அப்புறம்தான் ரேகை மை டப்பா திறக்கும்.

1959 ஜனவரியில் நாகபுரியில் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை விவசாயம், அதாவது நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிடுவது என்று தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து அதே வருஷம் ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. ராஜாஜிக்கு அப்போது எண்பது வயது. மாமாவுக்கு முப்பத்தைந்து இருக்கும். அதுவரை கதர் கட்டிய காங்கிரஸ்காரர்தான். "வரப்ப எடுத்துட்டா நான் என்னத்த எழுதுறது?" என்று கேட்டுத்தான் கட்சி மாறியதாக அம்மா சொல்வாள். பிழைப்புக்காக மாறினார் என்று நினைக்க வேண்டாம். வரப்பு என்பது சண்டையை நிறுத்துகிற சாதனம் என்று அவர் நிஜமாகவே நம்பினார். நாலெல்லை தெளிவாக இருந்தால் அண்ணன் தம்பி பேசிக்கொள்வார்கள், குழப்பமாக இருந்தால் கோர்ட்டுக்குப் போவார்கள், இதுதான் அவர் கண்ட சமுதாயம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரிய மிராசுதார்கள் எல்லாரும் சுதந்திராவின் நட்சத்திரச் சின்னத்தின் பின்னால் போனார்கள் என்று இப்போது எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் நான் பார்த்த வரையில் அவர்கள் காங்கிரசிலேயே சௌகரியமாக இருந்தார்கள். சொசைட்டித் தலைவர் பதவி அங்கேதான், உர ஒதுக்கீடு அங்கேதான், ரைஸ் மில்லுக்கு லைசென்ஸும் அங்கேதான். மாமாவோடு வந்தவர்கள் ரிடையரான வாத்தியார், மளிகைக்கடைக்காரர் இரண்டு பேர், கும்பகோணத்துக்குத் தினம் போய்வந்த ஒரு வக்கீல் குமாஸ்தா. பணம் இல்லாத கட்சி. நோட்டீஸ் அடிக்கக் காசு இல்லாமல் மாமாவே கையால் எழுதி ஒட்டுவார். அவர் கையெழுத்து அச்சை விட நன்றாக இருக்கும் என்பதால் ஊர் நின்று படிக்கும். படித்துவிட்டு வேறு கட்சிக்கு ஓட்டுப் போடும்.

ராஜாஜியே ஒரு விஷயத்தில் அவருக்குச் சங்கடம் கொடுத்தவர். 1952இல் முதலமைச்சராக வந்த சில மாதத்தில் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். முதலில் அவசரச் சட்டம், அப்புறம் சட்டம். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்தவர்கள் பண்ணையாளை நினைத்த நேரத்தில் வெளியே போ என்று சொல்ல முடியாது, சாகுபடிதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. இடதுசாரிகள் வருஷக்கணக்கில் போராடிக் கேட்டதில் ஒரு பகுதியை, கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று சொன்ன மனிதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மிராசுகளுக்கு ராஜாஜி மேல் வந்த கோபம் சீக்கிரம் ஆறவில்லை. மாமாவிடம் இதைக் கேட்டால், "ஒப்பந்தம்னா ரெண்டு பக்கமும் கையெழுத்து இருக்கணும், இதுவரை ஒரு பக்கம்தான் இருந்துச்சு, அவர் ரெண்டாவது பக்கத்தையும் போட வச்சாரு" என்று பத்திரக்காரர் பதிலாகச் சொல்வார். குலக்கல்வித் திட்டத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். தன் பிள்ளையைப் பத்திரம் எழுத உட்கார வைக்காமல் பாலிடெக்னிக்குக்கு அனுப்பியவர், வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

அவருடைய பேச்சுக்கு நிஜமான சூடு வந்தது மூத்த பெண் கல்யாணத்தில். அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, ஊரெங்கும் அரிசித் தட்டுப்பாடு. தஞ்சாவூர் ஜில்லா நெல் ஜில்லாவை விட்டு வெளியே போக பெர்மிட் வேண்டும். மாப்பிள்ளை வீடு புதுக்கோட்டை, அப்போது அது திருச்சி ஜில்லா. கல்யாணம் அங்கே. சொந்த வயலில் விளைந்த நெல்லைக் குத்தி, மூட்டை கட்டித் திண்ணையில் வைத்துவிட்டு மாமா பெர்மிட்டுக்கு மனு எழுதினார். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவரின் மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்பதெல்லாம் இப்போது வேண்டாம். முகூர்த்தம் வந்தது, பெர்மிட் வரவில்லை. புதுக்கோட்டையில் கள்ள விலைக்கு அரிசி வாங்கிச் சமையல் நடந்தது. இங்கே திண்ணையில் மூட்டைக்குப் புழு வந்தது.

அதற்குப் பிறகு அவர் பேசிய கூட்டங்களில் ராஜாஜி எழுதுவதையும் கட்சியின் இன்னொரு தலைவர் மசானி பேசுவதையும் மேற்கோள் காட்டுவதை விட்டுவிட்டார். "சொந்த வயலு. சொந்த நெல்லு. சொந்தப் பொண்ணுக்குக் கல்யாணம். நடுவுல இவன் யாருங்கறேன்?" என்பார். கை தட்டுவார்கள். அவர் வாழ்க்கையில் கை தட்டல் வாங்கிய ஒரே வசனம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கடைத்தெரு டீக்கடையில் அந்த வசனத்துக்கு ஒரு தோழர் பதில் சொன்னார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், மாமாவோடு ஒரே வகுப்பில் படித்தவர் வேறு. கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு, "வயலு ஒன்னுது, சரி. நெல்லு ஒன்னுது, சரி. தண்ணி யாருது பிள்ளே?" என்றார்.

மாமா அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. பிறகும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. என்னைக் கேட்டால், காவிரிப் பாசனத்தில் ஒரு வலதுசாரியை நிறுத்த இதைவிடச் சின்னக் கேள்வி கிடையாது. 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து ஜூன் 12 அன்று மதகைத் திறந்தால்தான் குறுவை. கல்லணையில் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று ஒருவர் உத்தரவு போட வேண்டும். நம்ம ஊர் வாய்க்கால் தலைப்பில், மதகு பார்க்கிற அரசாங்க லஸ்கர் ஷட்டரைத் திருக வேண்டும். தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம். உங்கள் முறை ராத்திரி இரண்டு மணி என்றால் ராத்திரி இரண்டு மணிதான். அரசாங்கமே, எங்களை விட்டுவிடு என்று சொல்கிற கட்சிக்கு, அரசாங்கம் ஒரு நாள் கையை எடுத்தாலும் பயிர் காய்ந்துபோகிற மண்ணில் என்ன வேலை? கொங்கு நாட்டில் சொந்தக் கிணறு வெட்டி, மாடு பூட்டிச் சொந்தக் கவலை ஏற்றம் இறைத்தவனுக்கு அந்தக் கட்சி பேசியது இயல்பாகப் புரிந்திருக்கும். இங்கே எல்லாருடைய வயலும் பக்கத்து வயல் வழியாகத்தான் குடிக்கிறது. மாமாவுக்கு இது தெரியாமல் இல்லை. நீர்ப்பாய்ச்சல் உள்பட என்று தினமும் எழுதுகிற கை அல்லவா?

அந்தத் தோழரின் கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லையே தவிர, ஒரு வேலை செய்தார். பஞ்சாயத்து போர்டு தேர்தலில் நின்று மெம்பரானார். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல், கையெழுத்துக்காகவே ஓட்டு விழுந்தது என்பார்கள். போர்டில் உட்கார்ந்து வீட்டு வரி ஏற்றத்தை எதிர்த்தார், டியூப் லைட்டை எதிர்த்தார், போர்டு கட்டடத்துக்கு மாடி கட்டுவதை எதிர்த்தார். செலவென்று வந்த எல்லாவற்றுக்கும் வேண்டாம். செய்தது ஒன்றே ஒன்று. ஊர்ப் பொதுக்குளம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருவர் மாட்டுக்கொட்டகை, ஒருவர் வைக்கோல் போர், ஒருவர் கொல்லைச்சுவர். மாமா தம்பியிடமிருந்து கிராம வரைபடத்தை வாங்கி, சங்கிலி பிடித்து, மண்ணுக்குள் புதைந்து கிடந்த எல்லைக்கற்களைத் தோண்டி எடுக்க வைத்தார். கொல்லைச்சுவர் அவர் கட்சிக்கு மாதம் தவறாமல் சந்தா கொடுத்த மளிகைக்கடைக்காரருடையது. "புறம்போக்குக்கும் நாலெல்லை உண்டு ஓய். அதுக்குக் கைநாட்டு வைக்க ஆள் இல்லேங்கறதுக்காக நீர் எடுத்துக்குவீரா?" என்று கேட்டுச் சுவரை இடிக்க வைத்தார். கட்சியின் வருமானம் அதோடு பாதியானது. குளத்தின் வடகரை இன்றைக்கும் அந்தக் கல்லில்தான் நிற்கிறது.

1967இல் சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு கூட்டணி. நெற்றி நிறைய விபூதியோடு மாமா உதயசூரியனுக்கு ஓட்டுக் கேட்டார். கடைத்தெரு மேடையில் அவருக்குப் பத்து நிமிஷம். பெர்மிட் கதையைச் சொல்லிவிட்டு உட்காருவார். அடுத்து வருகிற இளைஞர் அடுக்குமொழியில் ஆரம்பித்து, ரூபாய்க்கு மூன்று படி என்று வந்து, பிறகு பிள்ளையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார். அப்போது மாமா குடையின் கைப்பிடியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தேர்தலில் கட்சிக்குச் சட்டசபையில் இருபது இடம் கிடைத்தது, அதற்கு மேல் அது இங்கே ஏறவில்லை. மூன்று படி அரிசி வரவில்லை, சென்னையிலும் கோவையிலும் ஒரு படி என்று ஆரம்பித்து நின்றது.

நில உச்சவரம்பைப் பற்றி எழுதாமல் முடியாது, இது அவர் தொழிலுக்குள்ளேயே வந்த சட்டம். 1961 சட்டத்தில் ஐந்து பேர் குடும்பத்துக்கு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970இல் அது பதினைந்தானது. ஸ்திரீதனம் தனி, கோயில் அறக்கட்டளைக்கு விலக்கு, இப்படி ஓட்டைகள். மசோதா பேச்சு எழுந்த நாளிலிருந்தே டெல்டா முழுக்க ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் பத்திரம் எழுதினார்கள். தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, பெண்ணுக்கு ஸ்திரீதனம், இல்லாத அறக்கட்டளைக்குச் சாசனம். மாமாவும் எழுதினார். எத்தனை என்று எனக்குத் தெரியாது, நிறைய. அப்பன் பெண்ணுக்குக் கொடுக்கிறான், அதைக் கேட்க சர்க்கார் யார் என்பது கட்சிப் பேச்சு. தொழிலாகவும் அது ஒத்துப்போனது. அந்த வருஷங்களில்தான் வீட்டுக்கு ஓடு போட்டார். இதை மறைத்து எழுதினால் அவரைத் தியாகி ஆக்கிவிடுவேன், அவர் தியாகி இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் நின்றார். ஒரு மிராசு தன் பண்ணையாள் பேரில் மூன்று வேலி எழுதச் சொன்னார். அது கிடக்கட்டும், அதைக்கூட எழுதியிருப்பார். கூடவே ஒரு வெற்று முத்திரைத்தாளில் அந்தப் பண்ணையாளின் ரேகையை வாங்கி வைக்கச் சொன்னார், பிற்காலத்தில் திருப்பி எழுதிக்கொள்ள வசதியாக. மாமா மை டப்பாவை மூடினார். "எழுதின பத்திரத்துல பொய் இருந்தா எழுதச் சொன்னவரு பாவம். எழுதாத தாள்ல ரேகை வாங்கினா அது எம் பாவம்" என்றாராம். மிராசு எழுந்து பக்கத்துக் கொட்டகைக்குப் போனார், வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. பண்ணையாள் அந்த ரேகையைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் அவர் இல்லை.

மாமாவின் அரசியலில் எனக்கு ஒப்பாத இடம் இதுதான். நாலெல்லை என்று வரும்போது பூவரச மரம்வரை கேட்டவர், அந்த நாலெல்லைக்குள் நட்டு, பறித்து, அறுத்தவர்களைப் பத்திரத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. பத்திரத்தில் அவர்களுக்கு இடமில்லை என்பது உண்மை. கட்சியிலும் இல்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதில் வந்த விரோதம். மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் கொட்டகைக்குப் போகவில்லை. அதோடு சரி. மேடை ஏறி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெர்மிட் கிடைக்காத அரிசிக்காக அத்தனை ஆவேசமாகப் பேசத் தெரிந்தவர். பிறகு ராஜாஜியும் அதே டிசம்பர் 25இல், 1972இல் காலமானார். வருஷா வருஷம் அந்தத் தேதியில் மாமா காலையில் படத்துக்கு மாலை போடுவார். அதே நேரம் வெண்மணிக்குப் போகும் செங்கொடி வண்டிகள் கடைத்தெரு வழியாகப் போகும். தோழர் வண்டியிலிருந்து கை காட்டுவார். மாமாவும் கை காட்டுவார்.

1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. மிராசு நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனைக்கட்டு சொந்தம். மாமா அதையும் எதிர்த்தார், இழப்பீடு போதாது என்றார். கொஞ்ச காலம் கழித்து ஒருநாள், கீழத்தெருவிலிருந்து ஒரு பெரியவர் பட்டாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு, இதில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டும் என்றார். மாமா உள்ளே வரச் சொன்னார். பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மாமா வழக்கம்போல் காகிதத்தை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "கண்ண மூடிக்கங்க. ஒங்க வீட்டு வாசல்ல நிக்கிறீங்க. கிழக்கால என்ன?" என்றார்.

நான் அங்கே இருந்தேன். வாடிக்கையாளர்களுக்கு வழக்கமாக நீ என்றுதான் சொல்வார். அன்றைக்கு நீங்கள் என்றார். அந்தச் சட்டத்தைப் பற்றிய அவர் கருத்து மாறியதா என்றால், இல்லை. அடுத்த மாதமும் இழப்பீடு போதாது என்றுதான் பேசினார். சொத்து என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அந்தச் சொத்து எப்படி வந்தது, ஏன் இத்தனை காலம் வரவில்லை என்பதெல்லாம் அவர் மேசைக்கு வராத கேள்விகள்.

கட்சி 1974இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. டாக்டர் ஹண்டே மாதிரி சிலர் அ.தி.மு.க.வுக்குப் போய் மந்திரியானார்கள். மாமாவை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. சின்ன மாமாவின் கர்ணம் வேலை ஒரே நாளில் போனது. வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. பெரிய மாமா மட்டும், "சர்க்கார் குடுத்தது, சர்க்கார் எடுத்துக்கிச்சு. இதுல பாத்தியதை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுத் தம்பியிடம் திட்டு வாங்கினார்.

அடுத்த அடி அவருக்கே. 1982இல் பத்திரம் எழுதுபவர்களுக்கு உரிம விதிகள் வந்தன. இனி லைசென்ஸ் இல்லாமல் பத்திரம் எழுதக் கூடாது. லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யத்தை எதிர்த்து இருபது வருஷம் பேசியவர், தன் சொந்தப் பேனாவுக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டார். ஊரே சிரித்தது. தோழர் சிரிக்கவில்லை. மனுவில் ஒட்ட வேண்டிய கோர்ட்டு வில்லையைத் தன் காசில் வாங்கிவந்து கொடுத்தார். லைசென்ஸ் வந்ததும் மற்றவர்கள் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். மாமா அதை மேசை இழுப்பறைக்குள், மை டப்பாவுக்குக் கீழே விரித்துப் போட்டிருந்தார்.

1991 ஜூலையில் தொழிற்சாலைகளுக்கு லைசென்ஸ் முறை பெரும்பாலும் ஒழிந்தது என்று தினமணியில் வந்த அன்று, நான் வங்கியிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். "மாமா, ஒங்க கட்சி ஜெயிச்சிடுச்சு" என்றேன். அவருக்கு அப்போது கண்புரை. பேப்பரை முகத்துக்கு அருகில் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, "பம்பாய்க்காரனுக்கு லைசென்ஸ் போச்சு. எனக்கு இன்னும் இருக்குடா" என்று இழுப்பறையைத் தட்டிக் காட்டினார்.

அந்த லைசென்ஸைப் புதுப்பிக்க அவர் எழுதிய மனுக்களின் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் கட்டைப் பேனா எழுத்து. அந்தக் கால மனு என்றால் முடிவில் தங்கள் கீழ்ப்படிந்துள்ள என்று இருக்க வேண்டும். மாமா ஒன்றில்கூட அப்படி எழுதவில்லை. இப்படிக்கு என்று போட்டு, கீழே கையெழுத்து, அதற்குக் கீழே லைசென்ஸ் நம்பர். ஒரு தடவை குமாஸ்தா அதைத் திருப்பிக் கொடுத்து, சரியான வாசகத்தோடு எழுதி வரச் சொன்னாராம். மாமா புதிதாக ஒரு தாள் எடுத்து, அதே மனுவை ஒரு எழுத்தும் மாற்றாமல், இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினார். அது வாங்கிக்கொள்ளப்பட்டதற்கு அடையாளமாக மேலே முத்திரை இருக்கிறது.